பேச்சு வரவில்லையா? காத்திருக்காதீர்கள்



கத்தி பட்டுக் கை கிழிந்தால் உடனே ஓடி வருகிறீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் 2 நாள் நீடித்தால் இராத்திரி என்றும் பாராமல் கதவைத் தட்டுகிறீர்கள். அது நல்லது, அப்படித்தான் வர வேண்டும். ஆனால் 2 வயது தாண்டிய பிள்ளை இன்னும் ‘அம்மா’ என்று அழைக்கவில்லை என்பதற்காகவே மருந்தகத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர்? இத்தனை ஆண்டுகளில் விரல் விட்டு எண்ணிவிடலாம். வேறு எதற்காகவோ வந்திருப்பார்கள். வயிற்றுப்போக்குக்கு மருந்து வாங்கிக்கொண்டு, செருப்பை மாட்டும்போது வாசற்படியில் நின்று, “ஐயா, இவன் இன்னும் பேச மாட்டேங்கிறான், பரவால்லையா?” என்று கேட்பார்கள். வாசற்படியில் கேட்கிற கேள்விக்கு வாசற்படிப் பதில்தான் கிடைக்கும்.

நானே அப்படிப் பதில் சொன்னவன். பல ஆண்டுகளுக்கு முன் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை செய்த ஒரு தாய், இரண்டரை வயதுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இதே கேள்வியைக் கேட்டார். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. கையை நீட்டினால் மிட்டாயை வாங்கிக்கொண்டது. அறிவான பிள்ளை என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. “இதுங்க பாட்டிகூட 4 வயசுலதான் பேசுனாங்களாம்” என்று அந்த அம்மாவே சொன்னார். நானும், “வரும்மா, வரும். சில பிள்ளைங்களுக்கு லேட்டாத்தான் வரும்” என்று அனுப்பிவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு 5 வயதானபோது பாலர் பள்ளி ஆசிரியை சந்தேகப்பட்டு எழுதிக் கொடுக்க, பெரிய ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்தார்கள். இரண்டு காதும் பிறவியிலிருந்தே மந்தம். காது மிஷின் மாட்டினார்கள். பேச்சுப் பயிற்சி கொடுத்தார்கள். இப்போது பேசுகிறாள், படிக்கிறாள். ஆனாலும் பேச்சைக் கற்றுக்கொள்ள மூளை மிகவும் தயாராக இருந்த காலத்தில் இரண்டரை ஆண்டு என் ஒரு வார்த்தையால் போயிற்று. அதற்குப் பிறகு வாசற்படியில் யார் கேட்டாலும் உள்ளே வந்து உட்காரச் சொல்கிறேன். இந்த மாதம் இதைப் பற்றி எழுதுவதும் அதனால்தான்.

பேச்சு வாயில் தொடங்குவதில்லை, காதில் தொடங்குகிறது. பிறந்த குழந்தை முதல் ஆண்டு முழுவதும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. 6 மாதத்தில் சத்தம் வந்த பக்கம் திரும்ப வேண்டும். 9 மாதத்துக்குள் ‘பாபா, தாத்தா, மாமா’ என்று பொருளில்லாமல் உளற வேண்டும். ஒரு வயது வாக்கில் பெயரைச் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு சொல்லாவது பொருளோடு வர வேண்டும். ஒன்றரை வயதில், வேண்டியதை விரலால் சுட்டிக் காட்ட வேண்டும். இந்தச் சுட்டிக் காட்டுதலை நாம் சாதாரணமாக நினைக்கிறோம். ஆனால் பேச்சு வரப்போகிறது என்பதற்கு அது பெரிய அடையாளம். 2 வயதில் சுமார் 50 சொல் தெரிந்து, ‘அம்மா வா’, ‘பால் வேணும்’ என்று இரண்டு சொல்லைச் சேர்க்க வேண்டும். 3 வயதில் வெளியாள் கேட்டாலும் பெரும்பகுதி புரிய வேண்டும்.

ஒரு மாதம் முன்னே பின்னே இருப்பதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் 2 வயதில் 2 சொல்லைச் சேர்க்காத பிள்ளையையும், எந்த வயதிலும் முன்பு பேசியதை நிறுத்திவிட்ட பிள்ளையையும் அன்றைக்கே கொண்டுவந்து காட்டுங்கள்.

“காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது ஐயா, லோரி சத்தம் கேட்டா ஓடிப் போய்ப் பார்க்கிறானே” என்பார்கள். இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். லோரிச் சத்தமும் இடியும் கனத்த ஓசைகள். ‘ச’, ‘த’, ‘ப’ போன்றவை மெல்லிய, கூர்மையான ஓசைகள். கனத்த ஓசை கேட்டு, கூர்மையான ஓசை கேட்காத காதுகள் உண்டு. அந்தப் பிள்ளைக்கு நம் பேச்சு பாதி அழிந்த எழுத்தைப் போல வந்து சேரும். நான் பின்னால் நின்று கரண்டியால் கோப்பையைத் தட்டிப் பார்ப்பதெல்லாம் முடிவான சோதனை அல்ல. காது சோதனைக்கென்றே கருவியும் படித்த ஆளும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, கடுமையான மஞ்சள் காமாலை கண்ட பிள்ளை, மூளைக்காய்ச்சல் வந்த பிள்ளை ஆகியோருக்கு இந்தச் சோதனை மிகவும் அவசியம். இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள் கட்டிய குடும்பங்களில் பிறவிச் செவிட்டுக்கு வாய்ப்புக் கூடுதல். கட்டியது கட்டியாயிற்று, அதைப் பற்றிச் சண்டை வேண்டாம். பிள்ளையின் காதை மட்டும் சீக்கிரம் பார்த்துவிடுங்கள்.

கைவைத்தியம் பற்றியும் ஒரு வார்த்தை. வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினால் பேச்சு வரும் என்பது நம் பாட்டிமார் நம்பிக்கை. வசம்பு சின்னக் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாது; வாந்தி எடுத்துத் துவண்டு போன குழந்தையை நான் பார்த்திருக்கிறேன். பொன்னை உரசித் தேனில் குழைத்துக் கொடுப்பதும் வேண்டாம். ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தேனே ஆகாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, குழந்தையின் குடலில் வளர்ந்து உடம்பைத் தளரச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். நாக்கின் அடியில் உள்ள நரம்பை வெட்டிவிட்டால் பேசுவான் என்று யாராவது சொன்னால் அதையும் டாக்டரிடம் கேட்காமல் செய்யாதீர்கள். அந்த ஒட்டு இருந்தால் பால் உறிஞ்சச் சிரமப்படலாம், சில எழுத்து தடுமாறலாம். பேச்சே வராமல் போவதற்கு அது காரணமாவது மிக அபூர்வம்.

சரி, யாரிடம் போவது? அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ‘ஜுருபூலிஹ் பெர்துத்துரான்’ என்று பலகை மாட்டிய அறை இருக்கும். பேச்சுச் சிகிச்சையாளர் என்பது அவர்தான். ஊசி போட மாட்டார், மருந்து கொடுக்க மாட்டார். பேச வராதவருக்குப் பேசவும், பேச்சு போனவருக்கு மீண்டும் பேசவும், திக்கிப் பேசுபவருக்குத் தடையின்றிப் பேசவும், உதடு பிளந்து பிறந்து அறுவை செய்துகொண்ட பிள்ளைக்கு ஓசையைச் சரியாக எழுப்பவும், விழுங்க முடியாதவருக்கு ஆபத்தில்லாமல் விழுங்கவும் கற்றுக்கொடுப்பவர். அவர் வேலை பாதி வைத்தியம், பாதி வாத்தியார் வேலை.

ஒரு காலத்தில் இந்தத் தொழிலை நம் நாட்டில் படிக்கவே வழியில்லை. வெளிநாடு போய்ப் படித்து வந்தவர்கள்தான் இருந்தார்கள். 1995-ல்தான் தேசியப் பல்கலைக்கழகமான யு.கே.எம்., கோலாலம்பூரில் இதற்கென்று 4 ஆண்டுப் பட்டப் படிப்பைத் தொடங்கியது. இப்போது குபாங் கிரியானில் உள்ள யு.எஸ்.எம். வளாகத்திலும், குவாந்தானில் உள்ள அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்திலும் இந்தப் படிப்பு உண்டு. 2016-ல் இயற்றப்பட்ட துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தில் இந்தத் தொழிலும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே ‘பேச்சு டீச்சர்’ என்று விளம்பரம் போட்டுப் பணம் பறிப்பவரிடம் ஏமாறாமல், பதிவு பெற்றவர்தானா என்று கேட்டுப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு.

படிப்பே 1995-ல்தான் தொடங்கியது என்றால், ஆட்கள் குறைவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குறைவான பேரும் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் இருக்கிறார்கள். நம் தோட்டத்திலிருந்து பெரிய சாலைக்கு வரவே மோட்டார் வேண்டும், அங்கிருந்து பஸ். மாதம் ஒருமுறை, சில இடங்களில் 2 மாதத்துக்கு ஒருமுறை, முக்கால் மணி நேரம் பயிற்சி. அதற்குத் தாய் ஒரு நாள் வேலையை விட வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டணம் ஒன்றும் பெரிதில்லை. வழிச்செலவும் போன கூலியும்தான் பெரிது. 3 தடவை போய்விட்டு நின்றுவிடுகிறார்கள். “தாய் அக்கறையில்லாதவள்” என்று யாராவது கார்டில் எழுதிவைத்தால் எனக்குக் கோபம் வரும். அக்கறைக்கு என்ன குறைச்சல்?

தூரத்தைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. அது மொழி.

ஒருமுறை எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவனுக்குத் துணையாக, மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்று, நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிகிச்சையாளர் இளம் மலாய்ப் பெண். படித்து முடித்துப் புதிதாக வந்தவர், நல்ல பொறுமைசாலி. மேசைமேல் படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாக வைத்தார். பனியில் செய்த பொம்மை மனிதன், ரொட்டிக்குள் இறைச்சி வைத்த சாண்ட்விச், தானாக நகரும் படிக்கட்டு. பையன் வாயைத் திறக்கவில்லை. 4 வயதுக்கு அவன் பார்த்தே இராத பொருள்களின் பெயரை எப்படிச் சொல்வான்? அட்டைகளோ வெள்ளைக்காரர் நாட்டுப் பிள்ளைகளுக்காகச் செய்தவை. எனக்கு மனம் பொறுக்காமல், “மிஸ், இவனுக்கு இதெல்லாம் தெரியாது. வெளியே கூட்டிப் போய்க் கேட்டுப் பாருங்கள்” என்று மலாயில் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. எழுந்து வெளியே வந்தார். ஆஸ்பத்திரி வேலிக்கு அப்பால் செம்பனை மரம் நின்றது. பையன் பார்த்ததும், “குல... பழம்... லோரி” என்றான். பிறகு “கோழி ஓது” என்றான். ‘ஓடுது’ என்பதுதான் அப்படி வந்தது. அந்தப் பெண் என்னிடம் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் போனபோது மங்கு, பால்வாளி, அரிவாள், கோழி, சாமி விளக்கு என்று கையால் வரைந்த படங்களை வைத்திருந்தார். பல்கலைக்கழகத்தில் அவருக்குக் கற்றுக்கொடுக்காததை ஒரு 4 வயதுப் பையன் கற்றுக்கொடுத்தான் என்று நான் வேடிக்கையாகச் சொன்னபோது, “ஆமாம், எங்களை யாரும் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை” என்றார்.

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலைப் படிக்கும் மாணவர்களைப் பயிற்சிக்காலத்திலேயே சில வாரமாவது தோட்டப்புறத்துக்கு அனுப்ப வேண்டும். குளிரூட்டிய அறையில் 2 மொழியில் பேசத் தெரிந்த பட்டணத்துப் பிள்ளையைப் பார்த்தே பழகியவர், ஆயாக்கொட்டகையில் 10 பிள்ளைகளுக்கு நடுவே வளரும் பிள்ளையை எப்படி எடைபோடுவார்?

தமிழ் தெரியாதவர் தமிழ்ப் பிள்ளையைச் சோதிக்கும்போது இரண்டு பக்கமும் தவறு நேரும். இல்லாத குறையை இருப்பதாகச் சொல்லலாம். ‘வாழைப்பழம்’ என்பதை ‘வாளப்பளம்’ என்று பிள்ளை சொன்னால் அது நாக்குக் கோளாறு அல்ல. வீட்டில் நாமே அப்படித்தான் சொல்கிறோம். ‘கெடைக்கிப் போயி சூசு வாங்கு’ என்று மொழியைக் கலந்து பேசினால் அதுவும் நோயல்ல. நம் ஊர்ப் பேச்சு அது. அதேபோல் இருக்கிற குறையைக் கவனிக்காமலும் விடலாம். மலாயில் ‘டாத்தாங்’ என்றால் அப்பா வந்தாலும் அம்மா வந்தாலும் ஆடு வந்தாலும் ஒரே சொல்தான். தமிழில் வந்தார், வந்தாள், வந்தது என்று வால் மாறுகிறது. 5 வயதிலும் ‘ஆடு வந்தான், அக்கா வந்துச்சு, மாமா வந்தா’ என்று தாறுமாறாக வரும் பிள்ளையின் சிரமம் மலாய்ச் சோதனையில் தெரியவே தெரியாது. தமிழ் தெரிந்த காதுக்குத்தான் அது படும்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. “பிள்ளை குழம்புகிறான், இனிமேல் வீட்டில் தமிழ் பேசாதீர்கள், மலாய் மட்டும் பேசுங்கள்” என்று புத்தி சொல்பவர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள், சில சமயம் வெள்ளைக் கோட்டுப் போட்டவர்களும் சொல்வார்கள். நம்பாதீர்கள். இரண்டு மூன்று மொழி கேட்பதால் பிள்ளைக்குப் பேச்சு தாமதமாவதில்லை. ஆராய்ந்து முடிவு கண்ட விஷயம் இது. பேச்சுத் தாமதமான பிள்ளையும் இரண்டு மொழி கற்க முடியும். தாய்க்குச் சரளமாக வராத மொழியில் பேசச் சொன்னால் என்ன ஆகும்? 100 வார்த்தை பேசுகிற தாய் 10 வார்த்தையோடு வாயை மூடிக்கொள்வாள். பாட்டி பேசுவதையே நிறுத்திவிடுவாள். கதை போச்சு, தாலாட்டு போச்சு. பேச்சு வராத பிள்ளைக்கு வீட்டில் பேச்சே இல்லாமல் போகும். உங்களுக்கு எந்த மொழி வயிற்றிலிருந்து வருகிறதோ அதில் பேசுங்கள். சொற்களை எண்ணும்போதும் எல்லா மொழியையும் சேர்த்து எண்ணச் சொல்லுங்கள். 30 தமிழ்ச் சொல்லும் 20 மலாய்ச் சொல்லும் தெரிந்த பிள்ளைக்கு 50 சொல் தெரியும் என்றுதான் கணக்கு.

மாதத்தில் முக்கால் மணி நேரம் சிகிச்சையாளர் பார்க்கிறார். மிச்ச நேரமெல்லாம் பிள்ளை உங்களோடு இருக்கிறது. ஆகவே அவர் உங்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும், நீங்கள் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். “பயிற்சி முடிஞ்சுதா மிஸ்?” என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்காமல், உள்ளே போய் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். உங்கள் கைப்பேசியில் படம் பிடிக்கலாமா என்று கேளுங்கள். வீட்டில் பாட்டிக்கும், பிரட்டுக்குப் போன நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்கும் அதைக் காட்டுங்கள். எத்தனையோ தோட்டத்தில் தாயைவிட ஆயாதான் பிள்ளையின் விழித்த நேரத்தில் பாதிக்கு மேல் கூட இருப்பவர். அவருக்குச் சொல்லாத பயிற்சி பாதிப் பயிற்சி.

செய்ய வேண்டியது கடினமில்லை. பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, முகம் தெரிய உட்காருங்கள். அது எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசுங்கள். குளிப்பாட்டும்போது, “தண்ணி. தண்ணி ஊத்தலாமா? கைல தண்ணி, கால்ல தண்ணி” என்று சொல்லுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் 10 வரை எண்ணுங்கள். இந்தக் காத்திருத்தல்தான் நமக்கு வராதது. பிள்ளை வாயைத் திறப்பதற்குள் நாமே சொல்லிவிடுகிறோம். பிள்ளை ‘தண்ணி’ என்றால், ‘ஆமா, சுடு தண்ணி’ என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்லுங்கள். ‘இது என்னா? இது என்னா?’ என்று பரீட்சை வைக்காதீர்கள். தப்பாகச் சொன்னால் சிரிக்காதீர்கள், திருத்தி மிரட்டாதீர்கள். சரியான சொல்லை நீங்கள் ஒருமுறை சொன்னால் போதும். திக்கிப் பேசும் பிள்ளையிடம் ‘மெதுவா பேசு’ என்று சொல்வதும், அதன் வாய்ச்சொல்லை நாமே முடித்து வைப்பதும் உதவாது. பொறுமையாகக் கேட்டாலே போதும். சில மாதமாகியும் நீடித்தால் அழைத்து வாருங்கள்.

கைப்பேசியை மட்டும் கையில் கொடுத்துவிடாதீர்கள். அதில் 100 பாட்டு வரும். ஆனால் பிள்ளை ஒன்று சொன்னால் அது திருப்பிப் பேசாது. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரை வேண்டவே வேண்டாம், 2 வயது முதல் 4 வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. வேலை முடிந்து களைத்து வரும் தாய் சமைக்கும் நேரத்தில் வேறென்ன செய்வாள் என்று கேட்பீர்கள். பிள்ளையைச் சமையலறையில் உட்கார வைத்து ஒரு பானையையும் 4 வெங்காயத்தையும் கொடுங்கள். போடு, எடு, உருட்டு, தோல் என்று எத்தனை சொல் இருக்கிறது அங்கே!

இனி பெரியவர்களைப் பற்றி.

நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் நம் மக்களிடம் எவ்வளவு என்பதை இந்தப் பகுதியில் முன்பே எழுதியிருக்கிறேன். அதன் கடைசிக் கணக்குப் பக்கவாதம். திடீரென்று வாய் கோணினாலும், ஒரு பக்கக் கை தூக்க முடியாமல் விழுந்தாலும், பேச்சுக் குழறினாலும் 999-ஐ அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு விரையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி நான்கரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பயன். சாமி பார்க்க, மந்திரிக்க அதற்குப் பிறகு நேரமுண்டு.

பிழைத்து வந்தவருக்கு வலது கை, வலது கால் விழுந்திருந்தால் பேச்சும் போயிருக்கக் காண்பீர்கள். ஏனென்றால் உடம்பின் வலப்பக்கத்தை ஆளுவது மூளையின் இடப்பக்கம். பெரும்பாலோருக்குப் பேச்சின் இருப்பிடமும் அங்கேதான். பாரிஸ் நகரில் புரோக்கா என்ற மருத்துவர் 1861-ல் இதைக் கண்டார். அவருடைய நோயாளி ஒருவர் பல ஆண்டுகளாக எதைக் கேட்டாலும் ‘டான்’ என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இறந்தபின் மூளையைப் பார்த்தபோது இடப்பக்கத்து முன்பகுதி கெட்டிருந்தது.

அப்படி ஒருவர் எங்கள் தோட்டத்திலும் இருந்தார். பழைய மண்டோர்; 200 பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட குரல். பக்கவாதத்துக்குப் பிறகு எதற்கும் ‘சரி சரி சரி’ என்பார். பசிக்கிறதா, சரி சரி. வேண்டாமா, சரி சரி. கோபம் வந்தால் மட்டும் கெட்ட வார்த்தை சுத்தமாக வரும். “அவருக்கு மூளை கலங்கிருச்சு, வேணும்னே திட்டுறாரு” என்று பிள்ளைகள் ஒதுக்கிவிட்டார்கள். அவர் மூளை கலங்கவில்லை. வார்த்தையைத் தேடி எடுக்கும் வழி மட்டும் அடைபட்டுவிட்டது. யோசிக்காமல் பழக்கத்தில் வரும் வசவு, ஒன்று இரண்டு எண்ணுவது, பாட்டு இவையெல்லாம் வேறு வழியாக வந்துவிடுகின்றன. அவரிடம் பழைய சினிமாப் பாட்டின் முதலடியைப் பாடிக் காட்டினேன்; அடுத்த அடியை அவரே பாடினார். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

இப்படிப்பட்டவரிடம் உரக்கக் கத்தாதீர்கள். அவர் செவிடர் அல்ல. குழந்தையிடம் பேசுவது போலவும் பேசாதீர்கள். சின்னச் சின்ன வாக்கியமாக, ஒரு நேரத்தில் ஒரு விஷயம் கேளுங்கள். “சோறு வேணுமா, ரொட்டி வேணுமா?” என்று இரண்டையும் காட்டிக் கேட்டால் கை காட்டிவிடுவார். வீட்டிலுள்ளவர்கள் படம், குவளை, மாத்திரை, பேரப்பிள்ளைகள் படம் எல்லாம் ஒட்டிய ஒரு நோட்டு செய்து வைத்தால் அவருக்கு அதுவே வாய். பல மொழி தெரிந்தவருக்கு எல்லா மொழியும் ஒரே அளவில் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் மலாயில் கேட்டுப் பதில் வரவில்லை என்றால், தமிழில் கேட்டுப் பார்க்கும்படி சொல்லுங்கள். அதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. முதல் சில மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதற்குப் பிறகும் ஆண்டுக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வரும்.

பேச்சைவிட அவசரமானது விழுங்குவது. பேசும் உறுப்புகள்தான் விழுங்கும் உறுப்புகளும். பக்கவாதம் கண்டவரைப் படுக்க வைத்துக் கஞ்சி ஊற்றினால் அது நுரையீரலுக்குள் இறங்கிச் சளிக்காய்ச்சலாகி ஆளைக் கொண்டுபோகும். பசியோடு கிடக்கிறாரே என்ற பாசத்தில் செய்வதுதான் அது. விழுங்க முடியுமா என்று ஆஸ்பத்திரியில் பார்க்கும்வரை வாயில் எதுவும், தண்ணீர்கூட, கொடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்தபின், நேராக உட்கார வைத்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தி, சின்னக் கரண்டியால் கொஞ்சமாகக் கொடுங்கள். ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்த வாய். தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு ஊட்டாதீர்கள். சாப்பிடும்போது இருமினாலோ, சாப்பிட்டபின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் கரகரத்தாலோ நிறுத்திவிட்டுச் சொல்லி அனுப்புங்கள். தண்ணீர்தான் எளிது என்று நினைக்கிறோம். பலருக்கு மெல்லிய தண்ணீரே கடினம், கெட்டியானது எளிது. எவ்வளவு கெட்டி என்பதைச் சிகிச்சையாளர் சொல்வார்.

போகிற வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் என்னிடமோ அரசாங்கக் கிளினிக்கிலோ காட்டுங்கள். பிள்ளையானால் பிறந்ததிலிருந்து கொடுத்த சுகாதாரப் பதிவுப் புத்தகத்தைக் கொண்டுவாருங்கள். டாக்டர் கொடுக்கும் ‘சூராட் ருஜுக்கான்’ இருந்தால்தான் ஆஸ்பத்திரியில் நாள் கொடுப்பார்கள். நாள் 3 மாதம் தள்ளிக் கிடைத்தாலும் வாங்கிவிடுங்கள். காது சோதனைக்கும் அப்போதே கேளுங்கள். போகும்போது 10 வயது அக்காளை மொழிபெயர்க்கக் கூட்டிப் போகாதீர்கள். டாக்டர் கேட்கும் கேள்விக்குச் சின்னப் பிள்ளை, அம்மா மனம் நோகக் கூடாதென்று பாதியை விழுங்கிவிடும். பெரியவர் ஒருவரை அழைத்துப் போங்கள். பிள்ளை வீட்டில் விளையாடிக்கொண்டு பேசுவதைக் கைப்பேசியில் 2 நிமிடம் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டினால், புது இடத்தில் வாய் திறக்காத பிள்ளைக்கு அது பெரிய சாட்சி. தூரம் அதிகமென்றால், இடையிடையே வீடியோ அழைப்பில் பார்க்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

குறை நீடித்தது என்று டாக்டர் உறுதி செய்தால் சமூகநல இலாகாவில் ஓ.கே.யு. அட்டைக்கு எழுதிக் கொடுக்கலாம். காது, பேச்சு, கற்றல் ஆகியவை அதில் தனித்தனிப் பிரிவுகள். அட்டை வாங்கினால் பிள்ளைக்கு ‘முத்திரை’ விழுந்துவிடும் என்று தயங்குபவர்கள் உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரிக் கட்டணச் சலுகையும் பிற உதவிகளும் அதை வைத்துத்தான். அதே இலாகாவின் கீழ் 1984-ல் திரெங்கானுவில் தொடங்கிய பி.டி.கே. என்னும் சமூக மறுவாழ்வு நிலையங்கள் இன்று நாடெங்கும் இருக்கின்றன. ஆஸ்பத்திரியைவிட உங்களுக்குக் கிட்டத்தில் ஒன்று இருக்கலாம். வேலை செய்துகொண்டிருக்கும்போதே பக்கவாதம் கண்ட தொழிலாளி, சொக்சோவில் இயலாமை உதவித் தொகைக்கு மனுச் செய்யலாம். பேச முடியாதவரின் மனு பேசாமலே கிடந்துவிடக் கூடாது. வீட்டார் கிளைச் செயலாளரிடம் போய் எழுதி வாங்குங்கள்.

சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளையைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போகும் நாளுக்குக் கூலி வெட்டாமல் விடுப்புக் கிடைக்க வேண்டும் என்பதை, அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சின்போது ஒரு வரியாகவாவது வைக்கலாமே. மாதத்துக்கு ஒரு நாள்தான். தோட்டத்து வண்டி மாதம் ஒருமுறை இத்தகைய பிள்ளைகளை மொத்தமாக ஏற்றிப் போவதற்கும் சில நிர்வாகங்கள் கேட்டால் சம்மதிக்கும். நான் கேட்டு ஒருமுறை கிடைத்தது, ஒருமுறை கிடைக்கவில்லை.

எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் படிக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், டாக்டர், எஞ்சினியர் என்ற இரண்டோடு இந்தப் படிப்பையும் விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அறிவியல் பாடம் எடுத்திருக்க வேண்டும். நம் பாஷையைக் காதால் கேட்டு, ‘இது தப்பு, இது ஊர்ப் பேச்சு’ என்று பிரிக்கத் தெரிந்த ஆள் ஆஸ்பத்திரியில் வேண்டும். முன்பு சொன்ன அந்தக் காது மிஷின் மாட்டிய பெண், போன தீபாவளிக்கு வந்திருந்தபோது இதைப் படிக்கத்தான் ஆசை என்றாள். ‘படிக்க’ என்பது ‘பதிக்க’ என்றுதான் வந்தது. எனக்குத் தெளிவாகவே புரிந்தது.